ஏழாம் விதி

ஒன்பதாம் எண் கேமராவில் இந்த வருடம் என்ன நடந்தது என்று தலைவர் கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலைங்க" என்றேன்.

பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் என் கையெழுத்தில், 'நிகழ்வு இல்லை'.

கேமராக்கள் ஊரைப் பார்க்கின்றன. நான் கேமராக்களைப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நகரமன்றத்தின் பாதுகாப்புக் குழு வந்து என்னைப் பார்க்கிறது. தலைவர், மருந்துக்கடைக்காரர், எழுத்தர். மூவரும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வருடம் முழுக்க ஒரு நிகழ்வும் இல்லாத கேமராவைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. ஒழுங்காக இருக்கும் தெருவுக்கு நகரமன்றம் தரும் பரிசு. ஒன்பதைச் சந்தைத் தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்று மருந்துக்கடைக்காரர் பொதுநலத்தோடு சொன்னார். அவர் கடைக்கு எதிரே ஒரு கம்பம் சும்மா நிற்கிறது.



ஒன்பதாம் எண் இருக்கும் தெருவில்தான் என் வீடு. மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, இரண்டு வருடமாக நினைவு தப்பிக்கொண்டே போகிறது. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். இடப்பக்கம் திரும்பினால் பூங்கா. வலப்பக்கம் திரும்பினால் லாரிகள் போகும் பெரிய சாலை. மாமா ஒருநாளும் இடப்பக்கம் திரும்பியதில்லை.

திரையில் அவரைப் பார்த்ததும் மேஜைப் போனில் வீட்டு எண்ணை அழுத்துவேன். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிடுவேன். அத்தைக்குப் புரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். இந்த வருடம் மட்டும் நாற்பது தடவையாவது ஓடியிருப்பார்.

அதில் ஒன்றைக்கூட நான் எழுத முடியாது. ஏன் என்பதை, கூட்டத்தில் வழக்கமாக விதிகளை வாசிக்கும் எழுத்தரே உரக்க வாசித்தார். ஏழாம் விதி: கண்காணிப்புப் பணியில் இருப்பவர் தன் குடும்பத்துக்காகக் கேமராவைப் பயன்படுத்தினால் அன்றே பணிநீக்கம். விதிவிலக்கு கிடையாது.

"இதை எழுதினவர் மனுஷனே இல்ல, தெய்வம்" என்று தலைவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இப்ப இருக்காரோ இல்லையோ."

சுவரில் பழைய தலைவரின் படம். கறுகறுவென்று முடி, முறுக்கு மீசை, கோட்டு. இந்த அறையைத் திறந்துவைத்தவர். விதிகள் அத்தனையையும் தன் கையாலேயே எழுதியவர். படம் எப்போதும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். இந்தக் குழுவில் இருப்பவர்கள் போன தேர்தலுக்குப் பிறகு வந்தவர்கள். அவரை நேரில் பார்த்ததில்லை.

ஒன்பதைப் பெரிய திரையில் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பகல் பதினோரு மணி வெயில். ஈ காக்கா இல்லாத தெரு.

கேட் திறந்தது.

பொத்தான் போடாத சட்டை, வாரக்கணக்கில் மழிக்காத வெள்ளைத் தாடி, ஒரு காலில் மட்டும் செருப்பு. கக்கத்தில் காலிக் கோப்பு ஒன்று. மாமா வலப்பக்கம் திரும்பினார்.

"பாவம், யாரோ பெரியவர்" என்றார் தலைவர். பிறகு மூவரும் சந்தைத் தெருக் கம்பத்தின் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

போனை எடுத்தேன். இரண்டு முறை மணி அடித்தது. வைத்தேன். அத்தை வெளியே வரவில்லை. குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். மறுபடியும் இரண்டு முறை அடித்தது. வைத்தேன்.

"யாருக்கும்மா போன்?" என்று தலைவர் கேட்டார்.

மூன்றாவது தடவை நான் வைக்கவில்லை.

"அத்தை, மாமா ரோட்டுக்கிட்ட போயிட்டாரு. ஓடுங்க!"

திரையில் அத்தை ஈரக் கையோடு ஓடினார். மாமா ஒரு காலைச் சாலையில் வைத்திருந்தார். அத்தை சட்டையைப் பிடித்து இழுத்ததும் ஒரு லாரி போனதும் ஒன்றாக நடந்தது. மாமா கோப்பை ஆட்டி அத்தையைத் திட்டினார். கேமராவில் சத்தம் கிடையாது. எனக்கு அது தேவையும் இல்லை.



"வேலியே பயிரை மேயுது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எழுத்தர் பதிவேட்டை விரித்தார். கேமரா எண் ஒன்பது. நிகழ்வு: ஒன்று. தன்மை: ஏழாம் விதி மீறல். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் யோசித்தார். சட்டம் என்று வந்தால் சொந்தப் பிள்ளைக்கும் இரங்காத மனிதர்.

"ஐயா, நிகழ்வு ஒண்ணு வந்துடுச்சே. இனிமே ஒன்பதைக் கழற்ற முடியாதுங்க."

மருந்துக்கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது.

ஆக, கேமரா இருக்கும். நான் இருக்கமாட்டேன். நாளையிலிருந்து வீட்டில் சும்மா உட்கார்ந்து மாமாவை நானே பார்த்துக்கொள்ளலாம். கேமராவுக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

பையை எடுத்துக்கொண்டேன். தலைவருக்கு மனசு இளகிவிட்டது போல. பெரியவரின் நிலைமையைச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடு, விதியைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா என்று பார்க்கலாம் என்றார்.

"அவரு ஒத்துக்கமாட்டாருங்க" என்றேன்.

பரீட்சை எழுதி இந்த வேலைக்கு நான் தேர்வானபோது, இன்னார் மருமகள் என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டவர் அவர்.

சுவரில் சாய்ந்திருந்த மாமாவின் படத்தை நேராக்கிவிட்டு வெளியே வந்தேன்.