நூறு டிகிரி ஆவி

“விபத்துப் பதிவேட்டைக் கொடுங்க, சார்.” படப்பையைத் தாண்டியிருக்கும் தொழிற்சாலை கேன்டீனில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஜெரூஷாவிடம் சொல்லியிருந்தார்கள். மேலாளர் அச்சுதன் டீ டம்ளரைக் கீழே வைக்கிறார். பின்னால், இட்லிப் பெட்டிக்குப் போகும் நீராவிக் குழாய் உஸ்ஸென்று சீறுகிறது; அதன் இணைப்பில் சுற்றிய கோணித்துணி நனைந்து தொங்குகிறது. ஜன்னல் வெயில் அந்த ஆவிக்குள் புகுந்து பாலாய் வெளுக்கிறது. சமையல் வேலை செய்யும் புஷ்பம் அக்கா, அந்த ஆவி பட்டுச் சிவந்த மணிக்கட்டைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தியபடி, “வுடும்மா, ஆறிடும்” என்று பல்லைக் கடிக்கிறாள். “வெந்நீரைக் கொட்டிக்கிட்டாங்கன்னு எழுதிக்கலாம்மா. அதுவும் நூறு டிகிரி, ஆவியும் நூறு டிகிரி. என்ன பெரிய வித்தியாசம்?” என்கிறார் அச்சுதன். வெந்நீர் என்றால் தப்பு அக்காவுடையது, வேலை போய்விடும். ஆவி என்றால் குழாயை மாற்றியாக வேண்டும். “ஐநூத்தி நாப்பது கலோரி வித்தியாசம், சார். கொதிக்கிற தண்ணி ஒரு கிராம் ஆவியாகறதுக்கு அவ்வளவையும் முழுங்கும், தெர்மாமீட்டர் ஒரு கோடு ஏறாது. அந்த ஆவி தோல்ல பட்டுத் தண்ணியாகும்போது மொத்தத்தையும் அங்கேயே இறக்கும். அதுக்குப் பேரு உள்ளுறை வெப்பம்.” “டிகிரி வாங்கின திமிரு.” “ஆமா சார், எங்க வூட்டுக்கே முதல் டிகிரி.” பதிவேட்டை அவளே இழுத்து, ‘நீராவி, குழாய்க் கசிவு’ என்று அழுத்தி எழுதிக் கையெழுத்திடுகிறாள், போனில் படமெடுத்துக்கொள்கிறாள். “இப்போ வெளியே போனா திரும்பி வராதே!” அவர் மேசை ஓரத்தில், பதிவேட்டைக் கேட்பதற்கு முன்பே அவள் கழற்றி வைத்த அடையாள அட்டை கிடக்கிறது. அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேடி வாசலைத் தாண்டுகிறாள்.