கொண்டை ஊசி வளைவு

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப்போகும் மகாராஜனுக்கு ஒரு மாதமாகவே மனம் சரியில்லை. கொண்டை ஊசி வளைவு வந்தால் போதும், பின்னால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். வளைவு முடிந்ததும் மலையே அசையும்படி ஒரு பெருமூச்சு.

முன்பெல்லாம் பாதி வழியில், "ஓரமா நிறுத்துப்பா" என்று புதர்ப்பக்கம் இறங்குவார்கள். இப்போது அதுவும் கிடையாது. தான் ஓட்டும் வேகத்துக்குப் பயந்துதான் கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று முடிவுகட்டினான். அவர்கள் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டால் பிழைப்பு போய்விடும்.

அன்று வளைவுகளில் ஜீப்பை மாட்டுவண்டி போல உருட்டினான்.

பின்னாலிருந்து பாண்டியம்மாள் வெடித்தாள். "ஏய்யா மகாராஜா, வெரசாத் திருப்பித் தொலை! உசுரு போகுது."

"பயப்படுறீகளேன்னுதான் ஆத்தா மெதுவாப் போறேன்."

"பயமா? இது பயிற்சிய்யா! இருமுனா, தும்முனா, ஜீப்பு குலுங்குனா எங்களுக்குச் சேலை நனைஞ்சிருது. மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ள இறுக்கிப் பிடிச்சு விடணும்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக்கொடுத்துச்சு. வீட்டுலயும் தோட்டத்துலயும் அதுக்கு ஏது நேரம்? வளைவு வந்தா இறுக்குவோம், முடிஞ்சா விடுவோம். நீ உருட்டுனா எம்புட்டு நேரம் பிடிக்கிறது?"

இந்தத் தொல்லையால் வேலையையே விடப்போன கற்பகம் அலுப்போடு சொன்னாள்: "இப்பத்தான்ணே மாத்துச் சேலை இல்லாம மலையேறுறேன். கெடுத்துப்புடாத."

அடுத்த வளைவில் மகாராஜன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். நுழையும்போது ஒன்று, இறுக்க. தாண்டியதும் ஒன்று, விட.