வாய் சொன்ன சரி

மகளோடு தனியாக வாழ்ந்த பூங்கோதைக்கு வீட்டு வேலை செய்யும் நேரம் தெரியாமலே கழிந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வில்லையைத் தொட்டால் போதும். மனம் தூங்கிவிடும், உடம்பு வேலையைப் பார்த்துக்கொள்ளும். யாராவது பேசினால் வாய்கூடத் தானாகப் பதில் சொல்லும். கோவையில் பாதிப் பேர் அப்படித்தான் பாத்திரம் கழுவினார்கள், துணி மடித்தார்கள்.

அன்று மாலை அவள் விழித்தபோது சமையல் முடிந்திருந்தது. மகள் யாழிசையைக் காணோம். அலமாரியில் அவள் துணிமணியும் இல்லை. பதறிப்போய் போன் செய்தாள்.

“சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். கரூருக்கு, அப்பாகிட்டயே போறேன். நீதானே போகச் சொன்னே?”

“நான் எப்படி கண்ணு சொல்லுவேன்?”

“நீ சமைக்கிறப்ப கேட்டேன். இந்த வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு, போகட்டுமான்னு அழுதேன். சரி கண்ணு, போயிட்டு வான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னே.”

பூங்கோதை ஆட்டோ பிடித்துப் போய், கிளம்பத் தயாராக இருந்த பஸ்ஸில் ஏறி மகளைக் கண்டுபிடித்தாள்.

“அப்ப நான் இல்ல கண்ணு. இப்ப இருக்கேன். வா, வீட்டுக்குப் போலாம்.”

யாழிசை அவள் கண்களை உற்றுப் பார்த்தாள். “இருக்கியாம்மான்னு அப்பவும் கேட்டேன். இருக்கேன்னுதான் சொன்னே.”

பூங்கோதை எதைச் சொன்னாலும் தானாகப் பேசும் அந்த வாயும் அதையே சொல்லியிருக்கும். பஸ் நகர்ந்தது. அவள் இறங்கவில்லை. யாழிசை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்; ஆனால் பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.