பார்க்க மட்டும்

"சார், நம்ம டிரைவர் அளவுகோல் ஆறு தடவை அனுமதி கேட்டிருக்கார். நான் இப்பதான் பார்க்கிறேன்."

மேனேஜர் கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன அனுமதி?"

"போர்டுல கமெண்ட் எழுதறதுக்கு."

"அவர் கெஸ்ட்தானே? கெஸ்ட்டுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க. போன மாசம் ஒரு டிரைவரோட விரல் பட்டு முப்பது லோடு 'முடிந்தது'ன்னு மாறிப்போனது மறந்துபோச்சா?"

அவள் மறக்கவில்லை. அந்த முப்பதையும் ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றி வைத்தவளே அவள்தான். எந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் போர்டில் ஏற்றுவது அவள் வேலை. வெளியாட்களில் யார் அதைப் பார்க்கலாம், யார் எழுதலாம் என்று திறந்துவிடுவதும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த முப்பது லோடு விவகாரத்துக்குப் பிறகு, அனுமதி கேட்டு வருகிற மெயிலெல்லாம் கண்ணில் படாமல் தனியாகப் போய் விழும்படி செய்து வைத்திருந்தாள்.

அளவுகோல் ஒப்பந்த டிரைவர். வழியில் பாலமோ கம்பியோ மரக்கிளையோ எது வந்தாலும், இறங்கி அளந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவார். அதனால் அந்தப் பெயர்.

"நேத்து சாயங்காலத்திலிருந்து கேட்டிருக்கார் சார். சும்மா கேட்கிற ஆள் இல்லையே."

சொல்லிக்கொண்டே போர்டில் அவருடைய இன்றைய லோடு விவரம் இருக்கும் கார்டைத் திறந்தாள். மருத்துவமனை ஒன்றுக்குப் புதிதாகப் போகும் ஆக்சிஜன் தொட்டி. வண்டியோடு சேர்த்து உயரம் பதினாறரை அடி. வழியில் ஒரு ரயில் பாலம். பாலத்தின் உயரம் 18 அடி.

அந்தப் பதினெட்டைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. மேசை இழுப்பறையிலிருந்து, பாலத்தின் அளவைச் சொல்லி வந்திருந்த கடிதத்தை எடுத்தாள். அதில் 15 என்று இருந்தது.

"சார்." கடிதத்தைத் திரையோடு சேர்த்துப் பிடித்தாள். "தப்பாப் போட்டுட்டேன். பதினஞ்சைப் பதினெட்டுன்னு."

இப்போது மேனேஜர் எழுந்து வந்தார். கடிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துத் திரையின் வரைபடத்தில், வண்டியில் பொருத்தியிருந்த ஜி.பி.எஸ். கருவி காட்ட, அந்த லாரி ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாலத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர்கூட இருக்காது."

"போன் போடு."

ஆபீஸ் போனிலிருந்து அழைத்தாள். இரண்டு மணி அடித்தது. கட் ஆனது. திரும்ப அழைத்தாள். திரும்பவும் கட்.

"கட் பண்றார் சார்."

"வண்டியில ஏறிட்டா அந்த மனுஷன் போன்ல பேச மாட்டார். கண்ணாடி முன்னாடி ஸ்டாண்டுல போனை வெச்சு, போர்டை மட்டும் பார்த்துக்கிட்டே போவார்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லதாப் போச்சு. நீ போர்டுல மாத்து. பாலத்துக்கு முன்னாடி ஒரு நாற்சந்தி வருதில்ல, அங்க இடது பக்கம் திரும்பிச் சுத்திப் போகச் சொல்லு."

இரண்டு முறை அடித்து அழித்தாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. 'பாலம் 15 அடி. அந்த வழியே போக வேண்டாம். நாற்சந்தியில் இடது பக்கம் திரும்பவும்.' சிவப்பு எழுத்தாக்கிச் சேமித்தாள்.

அளவுகோலின் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கண் ஒன்று பச்சையாக மின்னியது. இப்போது போர்டைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நான்கு விநாடி கழித்து, 'பார்த்துவிட்டார்' என்று வந்தது.

"பார்த்துட்டார் சார்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாலத்துல இடிக்கும்னு அவர் நேத்தே கண்டுபிடிச்சிருக்கார். அதைச் சொல்லத்தான் ஆறு தடவை தட்டியிருக்கார், நாமதான் கதவைத் திறக்கல." கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்லம்மா. 'பார்க்க மட்டும்'னு சட்டம் போட்டவன் நான்."

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனாலும் கண் வரைபடத்தை விட்டு நகரவில்லை.

"வேகம் குறையலையே சார்."

"நாற்சந்தி வந்தாத்தானே குறைப்பார்? நீ அனுமதியைக் கொடு. இனிமேலாவது அவர் சொல்றதைச் சொல்லட்டும்."

அவள் அளவுகோலின் பெயரைத் தொட்டு, 'பார்க்க மட்டும்' என்பதை 'கமெண்ட் எழுதலாம்' என்று மாற்றினாள்.

அடுத்த நொடியே 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது.

"வண்டியை ஓரங்கட்டிட்டார் போல. ஓட்டிக்கிட்டே எழுதற ஆளா அவர்?" என்றார் மேனேஜர்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். புள்ளி நிற்கவில்லை. போய்க்கொண்டிருந்தது.

"சார், வண்டி நிக்கலையே."

அவர் பதில் சொல்வதற்குள் கமெண்ட் வந்து விழுந்தது.

'அம்மா, நேத்து காலையில எனக்குத் தொண்டையில ஆபரேஷன். பேசக் கூடாதுன்னு படுக்க வெச்சிருக்காங்க. அதான் போனைக் கட் பண்றேன். இன்னைக்கு வண்டி ஓட்டறது என் மச்சான். போர்டுல இருந்த பழைய வழியைத்தான் தாள்ல எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கேன். அவனையும் கெஸ்ட்டாச் சேர்த்துக்குங்கன்னு சொல்றதுக்குத்தான் ஆறு தடவை கேட்டேன்.'

அவள் நிமிர்ந்தபோது, நீலப் புள்ளி நாற்சந்தியை நேராகத் தாண்டிப் போய் பாலத்தடியில் அசையாமல் நின்றிருந்தது.