ஞாயிற்றுக்கிழமை எண்புதிர்

மணிலா நகரச் சந்தையிலிருந்து ஒரு பன்றிக்கறிக் கடைக்காரன் வெட்டுக்கத்தியோடு துரத்திக்கொண்டே வந்தான். பத்திரிகையில் புதிர் போடும் கிறிசாந்தோ தலைதெறிக்க ஓடி, முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டார்.

“புதிர் போடுறவரு நீங்கதானே? பேப்பர்ல போட்டோ பார்த்திருக்கேன்!”

“ஆ... ஆமாம். என்னை விட்டுடுங்க!”

“விடுறதா? ஞாயித்துக்கிழமை போட்டீங்களே எண்புதிர், அதுக்கு விடையைச் சொல்லுங்க சார்! எனக்கு ராத்தூக்கம் போச்சு. என் பொண்டாட்டி அதையே பார்த்துக்கிட்டு சோத்தைத் தீய விட்டுட்டா.”

“அட, இவ்வளவுதானா!” கிறிசாந்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தபடி அவன் நீட்டிய பத்திரிகையை வாங்கிப் பார்த்தார்.

அடுத்த நொடி பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோனார். ‘7’ இருக்கவேண்டிய கட்டத்தில் ‘1’ என்று அச்சாகியிருந்தது. அந்தப் புதிருக்கு விடையே கிடையாது.

“அவசரமில்ல, யோசிச்சே சொல்லுங்க சார்” என்ற கடைக்காரன், கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வழியை மறித்து உட்கார்ந்தான்.