பச்சை இலை

"இதுக்குப் பேரு பசுமை விடுதியா சார்?"

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கேட்டாள் மதிவதனி. தங்கும் விடுதிகளுக்குச் சுற்றுச்சூழல் சான்று கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து வந்திருந்தாள். வெளியே அவளுடைய கார், உள்ளே குளிர் குறையக் கூடாதென்று, இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

கேள்வி நியாயமானதுதான். லாட்ஜின் கொல்லையில் பிளாஸ்டிக் பாட்டில், கேரி பேக், தெர்மோகோல் தட்டு என்று ஆள் உயரத்துக்கு ஒரு குப்பைமேடு. இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

லாட்ஜ் முதலாளி ஜாஃபர் சாதிக் கையில் தொரட்டியோடு, மடித்துக் கட்டிய நனைந்த கைலியோடு நின்றார்.

"மேடம், இது எங்க குப்பை இல்லீங்க. மேட்டூர்ல தொறந்த தண்ணி இன்னிக்குக் காலையிலதான் இந்த வாய்க்காலுக்கு வந்துச்சு. மொதத் தண்ணி வருஷக் குப்பையையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டு வரும். நாங்கதான் கம்பி வலை போட்டுத் தடுத்து வாரிப் போட்டோம். விட்டா கீழ ஐயாவு அண்ணன் நாத்தங்கால்ல போய் அடைச்சிரும்."

"மேல இருக்கிற ரிசார்ட்டைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். இதே வாய்க்கால்தான். அங்க கொல்லையில ஒரு துரும்பு இல்ல."

"அதெல்லாம் இங்க வந்துருச்சே மேடம்."

மதிவதனி சிரிக்கவில்லை.

"அடுத்தவங்களைக் கைகாட்டாதீங்க சார். உங்க காம்பவுண்டுக்குள்ள கிடந்தா அது உங்க குப்பை. விதி அப்படித்தான்."

மேலே இருந்த ரிசார்ட்டுக்குச் சான்றின் அடையாளமான பச்சை இலை கிடைத்தது. ஜாஃபருக்குக் கிடைக்கவில்லை.

இலைதானே என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கோயில் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் செல்போனில் விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை இலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் ரூம் போடுகிறார்கள். பூமி மேல் அவ்வளவு அக்கறை. ஜாஃபரின் லாட்ஜில் பாதி அறைகள் பூட்டியே கிடந்தன. சமையல்காரரை நிறுத்திவிட்டு ஜாஃபரின் மனைவி ஆசியாவே அடுப்படியில் நின்றாள்.

"அடுத்த வருஷமும் இலை கிடைக்கலேன்னா நான் திரும்ப சவூதிக்குத்தான் போவணும்" என்றார் ஜாஃபர். அங்கே உழைத்ததையெல்லாம் கொட்டிக் கட்டிய லாட்ஜ் அது.

மறுவருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரும் அன்றைக்கே மதிவதனியும் வருவதாகத் தகவல் வந்தது.

விடிந்ததும் ஜாஃபர் வாய்க்காலில் இறங்கினார். கம்பி வலையைப் பிடுங்கிக் கரையில் போட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த ஆசியா கரைக்கு ஓடி வந்தாள்.

"ஏங்க, வலைய எடுத்துட்டா எல்லாம் ஐயாவு அண்ணன் வயலுக்குல்ல போவும்?"

"ஒரு நாளைக்குத்தானே. மேடம் போனதும் திரும்ப மாட்டிக்கிட்டாப் போச்சு."

"மொதத் தண்ணியே ஒரு நாள்தாங்க வரும்."

சற்று நேரத்தில் நுரையும் குப்பையுமாகத் தண்ணீர் வந்தது. லாட்ஜைத் தாண்டி, ஒரு தடங்கலும் இல்லாமல் கீழே போனது.

மதிவதனி வந்தபோது கொல்லை துடைத்துவிட்டது போல் இருந்தது.

"பிரமாதம் சார்! நினைச்சா முடியுது பாருங்க" என்று அவளே வாசல் கண்ணாடியில் பச்சை இலையை ஒட்டினாள். ஜாஃபருக்கு உயிர் வந்தது.

"இணையதளத்துல போட பச்சைப் பசேல்னு ஒரு படம் வேணுமே. பக்கத்துல வயல் இருக்கா?"

"வெயிலா இருக்கு மேடம்..."

"பரவால்ல, வாங்க."

தடுக்க வழியில்லை. ஜாஃபர் நாலெட்டு முன்னால் ஓடினார்.

நாற்றங்காலில் நாற்றே தெரியவில்லை. அதன் மேல் பாட்டிலும் பையுமாகப் படிந்து கிடந்தது. ஐயாவுவும் அவர் மனைவி ராசம்மாளும் முழங்கால் சேற்றில் நின்று பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் அரை ஆள் உயரத்துக்குக் குப்பைமேடு சேர்ந்துவிட்டிருந்தது.

"வாங்க பாய்" என்று நிமிர்ந்தார் ஐயாவு. "இந்த வருஷம் தண்ணி வேகம் அதிகம் போலருக்கு. ஒங்க வலையையே பிச்சுக்கிட்டு வந்துருச்சே! நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. வருஷா வருஷம் எங்களுக்காக நீங்க படுற பாடு எங்களுக்குத் தெரியாதா?"

ஜாஃபர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மதிவதனி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வரப்பில் இருந்த மேட்டைப் பார்த்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"அடக் கடவுளே! சோறு போடற வயல்ல இப்படியா குப்பை கொட்டுவாங்க? இவங்களுக்கெல்லாம் விழிப்புணர்வே இல்ல சார். ஒருநாள் கூட்டி உக்கார வச்சு வகுப்பு எடுக்கணும். அதுக்கு நீங்கதான் சரியான ஆள்."

ஐயாவுவுக்கு அவள் பேசியது பாதி புரியவில்லை. ஜாஃபரைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

"பாய் சொன்னா நாங்க கேட்டுக்குவோம்மா" என்றார் பெருமையாக.

ஜாஃபர் சாதிக் குனிந்து, காலடியில் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து வரப்பு மேட்டில் போட்டார்.

"எடுத்துடலாம் மேடம்" என்றார்.