ஒரிஜினல் கன்வெர்ட்டர்

“என்ன பெரிசு, மறுபடியும் அறுத்துட்டுப் போயிட்டானா?”

மெக்கானிக் ரூஃபினோ பிக்கப் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். புகைக்குழாயில், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் இருந்த இடம் மூளியாகக் கிடந்தது. இருபது வருடப் பழைய வண்டியில் இது மூன்றாவது திருட்டு.

“மலிவானதா ஒண்ணு போட்டுடறேன். அதுல பிளாட்டினம் கம்மி, வித்தாலும் காசு தேறாது. எவனும் தொட மாட்டான்.”

“வேணாம். ஒரிஜினலே போடு” என்றார் வண்டிக்காரர் வெர்னன்.

“அப்ப சுத்தி ஒரு கம்பிக் கூண்டாவது மாட்டறேன்.”

“வேணாம்ப்பா.”

“வண்டி நம்பரையாவது அது மேல பொறிச்சு விடறேன். விக்கப் போனா போலீஸ்ல மாட்டிக்குவான்.”

“ஐயையோ, அது வேணவே வேணாம்!”

“உங்களுக்கென்ன பைத்தியமா? திருடன் திரும்ப வருவான்!”

“வரட்டும்.”

வீட்டுக்கு வந்த வெர்னன் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தினார். கராஜிலிருந்த கனமான ஜாக்கியைத் தூக்கிவந்து சக்கரத்தின் பக்கத்தில் வைத்தார்.

“இது எதுக்கு?” என்றாள் மனைவி அர்லீன்.

“போன தடவை ஜன்னல் வழியாப் பார்த்தேன். வெறும் செங்கல்லை முட்டுக் கொடுத்துட்டு அடியில படுத்திருந்தான். வண்டி சரிஞ்சா நசுங்கிடுவான்.”

“ஒரு குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டா ஓடிடுவான். போதைக்குக் காசு வேணும்னாதான் நம்ம பையன் இந்த வாசலுக்கே வர்றான், அர்லீன்.”